ஆரோக்கியப்பச்சையும் காணிக்காரரும்: மலைமக்களின் தாவர அறிவு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பழங்குடி மக்கள் தாவரங்களைப் பயன்படுத்தும் முறைகள் குறித்து எழுதப்படுவன பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று பட்டியல்: இலத்தீன் பெயர், உள்ளூர்ப் பெயர், பயன்படும் உறுப்பு, தீரும் நோய் என்னும் நான்கு நிரல்களுள் ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வு முழுவதும் அடங்கிவிடும். மற்றையது புகழுரை: இயற்கையோடு இயைந்து வாழும் கள்ளங்கபடமற்றோர் என அம்மக்கள் போற்றப்படுவர். பட்டியலிலும் சரி, புகழுரையிலும் சரி, அம்மக்களுக்கு வரலாறு இருப்பதாகத் தெரிவதில்லை. தம் நிலத்தோடும் அரசோடும் சந்தையோடும் அவர்கள் கொண்டிருந்த உறவுகள், அவர்களுக்குள்ளேயே நிலவிய வேறுபாடுகள் ஆகியன எவையும் அங்கு பேசப்படுவதில்லை.

அகத்தியமலைப் பகுதியில் வாழும் காணிக்காரரையும் அவர்கள் அறிந்திருந்த ஆரோக்கியப்பச்சை என்னும் சிறு செடியையும் பற்றிய எழுத்துக்கள் இவ்விருவகையையும் கடந்த மூன்றாவது வகையொன்றைத் தோற்றுவித்துள்ளன. அதனை வெற்றிக்கதை எனலாம். மரபறிவைத் தந்த மக்களுக்கு அதனாற் கிடைத்த வருவாயிற் பங்களித்த முதல் முயற்சிகளுள் ஒன்றாக அது உலகெங்கும் எடுத்துக்காட்டப்பட்டது. 2002ஆம் ஆண்டு ஜொகனஸ்பேர்க்கில் நடைபெற்ற உலக உச்சிமாநாட்டின்போது ஐக்கிய நாடுகளின் சார்பில் அதற்குப் பரிசிலும் கிடைத்தது. அக்கதையின் உட்கூறுகளை மீளப் பரிசீலித்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காணிக்காரர் இன்று இரு மாநிலங்களிற் பிரிந்து வாழ்கின்றனர். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்து மலைக்காடுகளிலும், தமிழகத்திற் கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருநெல்வேலியின் பாபநாச மலைகளிலும் அவர்களது குடியிருப்புக்கள் உள்ளன. அவர்கள் பேசுவது தமிழும் மலையாளமும் விரவிய மலைமொழி. ஊர்த் தலைவன் மூட்டுக்காணி எனவும், மருத்துவமும் தெய்வக் கிரியைகளும் அறிந்தவன் பிலாத்தி எனவும் அழைக்கப்படுவர். அவர்களுடைய பெயரே ஆராய்ச்சிக்குரியது. ஈழத்துத் தமிழர் இன்றும் நிலத்தைக் குறிக்க நாள்தோறும் வழங்கும் 'காணி' என்னும் சொல்லே அப்பெயரின் அடி என்பது பொதுவான விளக்கம். பரம்பரை நிலவுரிமையைக் குறித்த சொல் ஒன்றைத் தம் இனப்பெயராகக் கொண்ட மக்கள், காட்டுச் சட்டங்களின் வழியாகத் தம் நிலத்திலேயே அனுமதி பெற்றுத் தங்குபவராயினர். திருவிதாங்கூர் அரசின் காலத்தில் தேன், மெழுகு, ஏலம் முதலிய வனபொருட்களைச் சேகரித்துக் கொடுக்கும் உழைப்பாளராக மலைமக்கள் கருதப்பட்டனர். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தேர்ஸ்ரனின் தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் பற்றிய நூல் காணிக்காரரை விரிவாக வருணிக்கின்றது. ஆயின் வருணிக்கும் முறை காட்சிச்சாலைக்குரியது.

1987ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், இந்திய அரசின் அனைத்திந்திய இனவுயிரியல் ஆய்வுத் திட்டத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் சிலர், பி. புஷ்பாங்கதன் தலைமையில் அகத்தியமலைக் காடுகளிற் பயணஞ் செய்தனர். வழிகாட்டிகளாகக் காணி இளைஞர் சென்றனர். மலையேற்றத்தில் விஞ்ஞானிகள் களைத்தனர். வழிகாட்டிகளோ இடையிடையே சிறு பழங்களை மென்றவாறு களைப்பின்றி நடந்தனர். அப்பழம் யாதென வினவியபோது அவர்கள் முதலிற் சொல்ல மறுத்தனர். அது தம் குலத்துள் மட்டும் வழங்கும் அறிவு, புறத்தார்க்குரியதன்று என்பது அவர்கள் நிலைப்பாடு. நீண்ட வற்புறுத்தலின் பின், தவறாகப் பயன்படுத்தோம் என்ற உறுதியின் பேரில், செடியைக் காட்டினர்.

இந்நிகழ்ச்சி சொல்லப்படும் முறையை அவதானித்தல் வேண்டும். மறுப்பு, இறுதி வெளிப்பாட்டிற்குச் சுவையூட்டும் ஓர் இடைநிகழ்வாகவே ஏறக்குறைய எல்லா எழுத்துக்களிலும் இடம்பெறுகின்றது. மறுப்பை மறுப்பாகவே கொண்டு, அதற்குச் சட்டத்தன்மை ஏதும் உண்டா என வினவியோர் மிகச் சிலர். ஒரு நிறுவனம் தன் செய்முறையை வெளியிட மறுப்பின் அது வணிக இரகசியம் எனப்படும். நீதிமன்றம் அதனைப் பாதுகாக்கும். காணி இளைஞரின் மௌனம் வெறும் தயக்கம் எனப்பட்டது. மேலும், அவ்விளைஞர் தம் குலத்தின் பெயரால் அவ்வறிவை வழங்கும் உரிமை உடையவரா என்பதும் வினவப்படவில்லை. மருந்தறிவின் பொறுப்பு மரபுப்படி பிலாத்திகளிடம் இருந்தது.

1988இல் வெளியான முதல் ஆய்வுக் கட்டுரை இச்செடியைக் காணிகளின் 'ஜின்செங்' எனத் தலைப்பிலேயே அறிமுகஞ் செய்தது. கொரியாவிலும் சீனத்திலும் புகழ்பெற்ற, உலகச் சந்தையில் விலை நிச்சயிக்கப்பட்ட ஒரு வேரின் பெயர் மலையடிவாரத்து இலையொன்றுக்குச் சூட்டப்பட்டபொழுதே அதன் எதிர்காலம் ஓரளவு தீர்மானிக்கப்பட்டுவிட்டது எனலாம். தாவரவியற் பெயரோ வேறொரு வரலாற்றைச் சொல்கின்றது. ஜேர்மானியரான கேர்ட்னர் 1788இல் இச்செடியினத்துக்கு இட்ட பெயர் திரைக்கோபஸ் செய்லானிக்கஸ். இரண்டாஞ் சொல் இலங்கையைக் குறிப்பது. இச்செடி எமது நாட்டின் காடுகளிலும் வளர்வது. அகத்தியமலைச் செடியைத் தனித் துணையினமாகப் பிரித்தவர்கள் அதற்குத் திருவிதாங்கூரின் பெயரைச் சேர்த்தனர். ஒரு தீவின் பெயரும் ஓர் அரசின் பெயரும் ஒட்டப்பெற்ற அச்செடியின் விஞ்ஞானப் பெயரிற் காணிக்காரர் எங்கும் இல்லை.

இனி, வழிகாட்டிகள் உண்டது பழம். ஆய்வுகூடத்திற் செயல்திறன் கண்டறியப்பட்டு மருந்தாகியது இலை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியற் பூங்கா ஆராய்ச்சி நிறுவகம், ஆரோக்கியப்பச்சையின் இலையுடன் அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகிய மூன்றையும் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கியது. பழத்திலிருந்து இலைக்கு நிகழ்ந்த இம்மாற்றம் மருந்தியல் நோக்கிற் சிறு விடயமாகத் தோன்றலாம். பொருளியல் நோக்கில் அவ்வாறன்று. வழிநடையிற் பறித்து வாயிலிடும் பழம் பயன் பெறுமானம் மட்டுமே உடையது. சேமிக்கவோ விற்கவோ அது பறிக்கப்படுவதில்லை. வேட்டைக்கும் தேனெடுக்கவும் மலையேறும் உடலின் உழைப்போடு அது பிணைந்தது. இலையோ உலர்த்தப்படலாம், நிறுக்கப்படலாம், மூட்டையாகக் கட்டி ஆலைக்கு அனுப்பப்படலாம். பண்டமாவதற்குரிய தகுதி இலைக்கே இருந்தது. களைப்பு என்னும் சொல்லும் இடம்பெயர்கின்றது. மலையிற் சுமையுடன் நடப்பவனின் களைப்பு, நகரத்து அலுவலகத்தில் இருப்பவனின் சோர்வாக மாறி, அவனுக்கென மருந்து தயாராகின்றது. இம்மாற்றங்களை விஞ்ஞானிகளின் சூழ்ச்சி எனக் கொள்வது சிறுபிள்ளைத்தனம். மரபறிவு சந்தைக்குள் நுழையும் பொழுது அது கடக்க வேண்டிய வாயில்கள் இவை.

1995இல் இம்மருந்தைத் தயாரிக்கும் உரிமம் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டு காலத்துக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 இலட்சம் ரூபா. விற்பனையில் நூற்றுக்கு 2 வீதம் உரிமைப் பங்கு. இவ்விரண்டிலும் சரிபாதி காணிக்காரருக்கு என நிறுவகம் முடிவு செய்தது. இம்முடிவு எடுக்கப்பட்ட காலத்தை மறத்தல் கூடாது. உயிரியற் பல்வகைமை பற்றிய சர்வதேச உடன்படிக்கை 1992இலேயே கைச்சாத்துக்குத் திறக்கப்பட்டது. இந்தியாவில் அதற்கேற்ற சட்டம் 2002இலேயே இயற்றப்பட்டது. சட்டம் எதுவும் வற்புறுத்தாத நிலையில், ஓர் அரச ஆய்வு நிறுவகத்தினர் தம் வருவாயிற் பாதியை விட்டுக்கொடுத்தனர் என்பது பாராட்டத்தக்கதே. இதனை ஏற்க மறுக்கும் விமர்சனம் நேர்மையானதாகாது.

எனினும் 'சரிபாதி' என்னும் சொல்லின் கவர்ச்சியில் மயங்குதலும் ஆகாது. 100 ரூபா விற்பனையில் 98 ரூபா பங்கீட்டுக்கு வெளியே நின்றது. எஞ்சிய 2 ரூபாவே சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. எதனைப் பங்கிடுவது என்ற வினாவை எழுப்பாது, எவ்வாறு பங்கிடுவது என்று மட்டும் வினவுவது இத்தகைய உடன்பாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறைபாடாகும். உரிமம் ஏழாண்டுக்குரியது; அவ்வறிவை உருவாக்கத் தலைமுறைகள் சென்றன. உடன்பாட்டில் ஒரு தரப்பாகக் காணிக்காரர் கையொப்பமிடவும் இல்லை. அவர்கள் பயன்பெறுவோர் என்னும் நிலையிலேயே வைக்கப்பட்டனர். உரித்தாளர் என்னும் நிலை அவர்களுக்கு வழங்கப்படவில்லை.

பணத்தைப் பெறுவதற்கு ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. 1997 நவம்பரிற் கேரளக் காணி சமுதாய நல நம்பிக்கை நிதியம் பதிவு செய்யப்பட்டது. 1999இல் ஐந்து இலட்சம் ரூபாவுக்குச் சற்று அதிகமான தொகை அதற்கு மாற்றப்பட்டது. பதிவு செய்யப்பட்ட அமைப்பு ஒன்றின் வழியாக அன்றிச் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு மக்கட் கூட்டம் புலப்படுவதில்லை. ஆனால் சிதறிய குடியிருப்புக்களில் வாழும் ஒரு மக்களை எவர் பிரதிநிதித்துவஞ் செய்வது? குற்றிச்சல் பகுதிக் காணிகளே ஆரம்பத்தில் நிறுவகத்துடன் நெருங்கிய தொடர்புடையோராயிருந்தனர். விதுரா, பெரிங்ஙம்மலைப் பகுதியினர் ஐயத்துடன் நோக்கினர். 1995இலேயே விதுராப் பகுதியைச் சேர்ந்த ஒன்பது பிலாத்திகள் தம் அறிவு தனியார் நிறுவனங்களுக்கு விற்கப்படுவதை எதிர்த்துக் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினர். தமிழகத்துக் காணிக்காரரோ நிதியத்தின் பெயரளவிலேயே புறத்தே நின்றனர். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது மலையின் குறுக்கே வரையப்பட்ட கோடு, ஒரே செடியை அறிந்த மக்களுட் பயன்பெறுவோர் யாவர், பெறாதோர் யாவர் என்பதையும் பின்னாளில் வகுத்துவிட்டது.

பிலாத்திகளின் கடிதம் இவ்விடயத்தில் மிக முக்கியமான ஆவணம் என்பது எமது கருத்து. அதனைப் பழமைவாதம் எனத் தள்ளிவிடும் போக்கும் உண்டு. தூய எதிர்ப்புக் குரலாகக் கொண்டாடும் போக்கும் உண்டு. இரண்டும் பொருந்தா. பழங்குடிச் சமூகத்துள்ளும் அறிவு சமமாகப் பங்கிடப்பட்டிருக்கவில்லை. அறிவை மறைத்து வைத்தலிற் பிலாத்தியின் அதிகாரமும் தங்கியிருந்தது. நிதியம் வரின் அவ்வதிகாரம் இளைஞர்பாற் பெயரும் என்பதையும் அவர்கள் உணர்ந்திருத்தல் கூடும். ஆயினும் தம் நலன் கருதி எழும் குரல் என்பதனால் அதன் உண்மை குறைந்துவிடுவதில்லை. விற்பதா வேண்டாமா என்பதை முடிவுசெய்யும் உரிமை எவருக்குரியது என்று அக்கடிதம் கேட்டது. வெற்றிக்கதையில் அவ்வினாவுக்கு விடை இல்லை.

அடுத்து நிலம். ஆரோக்கியப்பச்சை அடர்ந்த காட்டின் நிழலில், ஈரமண்ணில் வளரும் செடி. இயற்கைச் சூழலிலோ அதனையொட்டியோ வளர்ந்த செடியின் இலையிலேயே மருத்துவத் திறன் உரியவாறு காணப்படுவதாக ஆய்வாளர் கூறினர். எனவே பெருந்தோட்டத்தில் இதனைப் பயிரிட முடியாது. காட்டினுள் வாழ்பவரே பயிரிட வேண்டும். காணிக்காரருக்கு வரலாறு வழங்கிய அரிய வாய்ப்பு இதுவே. 1990களின் நடுப்பகுதியில் சில பத்துக் குடும்பங்கள் தம் குடியிருப்பின் அருகே செடியை வளர்த்து நிறுவகத்துக்கு இலை விற்றன. அப்பொழுது வனத்திணைக்களம் குறுக்கிட்டது. காட்டிலிருந்து செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டு அழிந்துவிடும் என்ற அச்சத்தைக் காட்டி அது இலை சேகரிப்புக்குத் தடை விதித்தது. அச்சம் முற்றிலும் பொய்யன்று. தேவை பெருகியதும் வெளியார் நுழைந்து செடியைக் களவாக எடுக்கவும் முற்பட்டனர். ஆயினும் அரசின் ஒரு திணைக்களம் அறிவுக்கு விலை கொடுக்க, மற்றொரு திணைக்களம் அவ்வறிவின் விளைபொருளை விற்கத் தடைசெய்த முரண்பாடு தற்செயலானதன்று. அறிவு தனியே எடுத்துச் செல்லத்தக்கது. நிலத்தை அவ்வாறு எடுத்துச் செல்ல இயலாது. முன்னையதிற் பங்கு கொடுப்பது எளிது; பின்னையதில் உரிமை கொடுப்பதற்கு 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உரிமைப் பங்குப் பணத்திலும் பார்க்க இலை விற்ற கூலி குடும்பத்தின் கைக்கு நேரே வந்தது என்பதையும் கருதும்பொழுது, வெற்றிக்கதை பேசாது விட்ட பகுதியே அம்மக்களுக்குப் பெரிதாயிருந்தது என்பது புலனாகும்.

தமிழ் ஆய்வாளராகிய நாம் இப்பிரச்சினையைப் பிறருடையதாக எண்ணி ஒதுங்கிவிட முடியாது. இம்மலை எமது இலக்கிய மரபிற் பொதியில். அங்கு அகத்தியர் வீற்றிருந்து தமிழையும் மருத்துவத்தையும் அருளினார் என்பது மரபு. நச்சினார்க்கினியர் தொல்காப்பியப் பாயிர உரையிற் சொல்லும் கதையில், அகத்தியர் வேளிரை உடன் கொண்டுவந்து, காட்டை அழித்து நாடாக்கி, அங்கு அரக்கர் திரியாவண்ணம் தடுத்தார் என்று வருகின்றது. 14ஆம் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட இக்கதையை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ள முடியாது. கருத்துநிலை என்ற அளவில் அது தெளிவாகப் பேசுகின்றது. மலையில் ஏற்கெனவே எவரோ இருந்தனர். அவர்கள் அரக்கர் எனப்பட்டனர். மலையின் பெருமை வெளியிலிருந்து வந்த முனிவருக்கு உரியதாயிற்று. பிற்காலத் தமிழ்நடையில் அமைந்த மருத்துவ நூல்கள் பல அகத்தியர் பெயரிலேயே வழங்குகின்றன. அந்நூல்கள் கூறும் மூலிகைகளை மலையிலிருந்து எடுத்துக் கொடுத்த கைகள் யாருடையவை என்னும் வினாவைச் சித்தமருத்துவ வரலாற்றாசிரியர்கள் எழுப்புதல் அவசியமாகும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிக் கூறியமை எமக்கு மனப்பாடம். அவற்றின் மருந்துப் பயனை அறிந்திருந்த குறவரும் குறத்தியரும் எமது திணைக்கோட்பாட்டிற் கருப்பொருளாகவே நின்றுவிட்டனர். ஆலைக்கும் ஆய்வுகூடத்துக்கும் முன்னரே மலைமக்களின் அறிவை அவர்கள் பெயரிலிருந்து நீக்கி வேறொரு பெயரில் ஏற்றும் பழக்கம் எம்மிடையே இருந்தது என்பதை ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

இது வெறும் பழங்கதை ஆராய்ச்சி அன்று. ஏட்டில் ஏறிய அறிவு, ஏறாத அறிவு என்னும் பாகுபாடு இன்றைய சட்டத்தின் அடித்தளமாகவே அமைந்துள்ளது. மஞ்சளின் புண்ணாற்றும் பண்புக்கு 1995இல் ஐக்கிய அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, பழைய எழுத்துச் சான்றுகளைக் காட்டியதன் பேரில் 1997இல் நீக்கப்பட்டது. வேம்பு பற்றிய ஐரோப்பியக் காப்புரிமையும் 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் மேன்முறையீட்டிலும் அம்முடிவு உறுதிப்பட்டது. இவ்வனுபவத்தின் பயனாக ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களை மொழிபெயர்த்துத் தொகுக்கும் மின்னூலகம் ஒன்றை இந்திய அரசு உருவாக்கியது. நூலுடையோர்க்கு அது நல்ல அரண். காணிக்காரரிடம் நூல் இல்லை. 'ஜீவனி' என்னும் பெயரை ஐக்கிய அமெரிக்க நிறுவனமொன்று தன் வணிகக் குறியாகப் பதிவு செய்தபொழுது அதனைத் தடுக்க அவர்களால் இயலவில்லை. 2023இல் இந்திய உயிரியற் பல்வகைமைச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம் இப்பாகுபாட்டை மேலும் ஆழமாக்கியுள்ளது. நூல்வழிப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோர்க்குப் பயன்பங்கீட்டுக் கடமையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. மலையில் ஒருவன் வாய்மொழியாக அறிந்திருந்தது என்றோ ஒரு காலத்தில் ஓர் ஏட்டினுள் புகுந்துவிட்டதாயின், அவனுக்குக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

எமது நாட்டிலும் இதன் சாயல்கள் உண்டு. 1911இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் வேடர் பற்றிய நூல் காட்டுக்கிழங்கும் தேனும் வேட்டையும் சார்ந்த ஒரு வாழ்வைப் பதிவு செய்தது. கிழக்குக் கரையோர வேடர் பற்றியும் அதில் ஓர் இயல் உண்டு. 1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டபோது, அந்நூல் போற்றிய காட்டறிவைப் பயன்படுத்துவதற்குரிய காடு அம்மக்களிற் பலருக்கு மூடப்பட்டது. வாகரை முதலிய இடங்களில் வாழும் கரையோர வேடர் பேசுவது தமிழ். அவர்கள் தாவரங்களுக்கு வழங்கும் பெயர்களும் சடங்குகளில் அவற்றுக்குரிய இடமும் தமிழ்த்துறைகளின் ஆய்வுக்கு உரியன. அவ்வாய்வைத் தொடங்குவோர் பட்டியலோடு நின்றுவிடாதிருத்தல் வேண்டும். சொன்னவர் எந்நிபந்தனையிற் சொன்னார், எதைச் சொல்ல மறுத்தார் என்பனவும் குறிக்கப்படல் அவசியம்.

இறுதியாக ஒன்று. பிலாத்தியின் மருத்துவம் இலையோடு முடிவதில்லை. நோயுற்றவனை முன்னிருத்தி, விளிம்பில் வெட்டுக்கள் கொண்ட இரும்புக் குழலாகிய கொக்கரையை இரும்புக் கம்பியால் உரசி ஓசையெழுப்பி, இரவு நெடுகச் சாற்றுப்பாட்டுப் பாடுவது அவர்கள் வழக்கம். அப்பாடல்கள் தமிழ்மொழி வரலாற்றுக்கும் பயன்படத்தக்கன. ஆய்வுகூடத்திற்கு அவை தேவைப்படவில்லை. இலைக்கு எழுதப்பட்ட ஒப்பந்தத்திலும் பாட்டுக்கு இடமிருக்கவில்லை. 1995இற் கடிதம் எழுதிய ஒன்பது பேரும் இப்பாட்டைப் பாடும் தொழிலினர்.